மணலும் அச்சும்



அச்சு என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. வண்டிச் சக்கரம் சுழல்வது அச்சில். வெல்லம் வார்க்க அச்சு, முறுக்குப் பிழிய அச்சு. மகன் தந்தையை ஒத்திருந்தால் ‘அச்சு அசலாக அப்பனேதான்’ என்கிறோம். எங்கள் தென்கோடிச் சீமையில் கருப்பட்டிக்குச் சிரட்டைதான் அச்சு. காய்ச்சிய பதநீர்ப் பாகைச் சிரட்டையில் ஊற்றி, ஆறவிட்டுக் கவிழ்த்தால், சிரட்டையின் வளைவு கருப்பட்டியின் முதுகில் அப்படியே நிற்கும். வண்டி அச்சை ஒதுக்கி வைத்துவிட்டால், மற்ற இடங்களிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் காணலாம். அச்சு ஒன்று, அதன் சாயலைத் தாங்கி வெளிவருவன பல. அச்சு தேயும், உடையும், ஒருநாள் அடுப்புக்குப் போகும். அதிலிருந்து பிறந்தவை ஊர் ஊராகப் பரவி இருக்கும். கருப்பட்டி நெடுநாள் இராது என்பது வேறு செய்தி.

இந்தப் பொதுத்தன்மையை மனத்தில் கொண்டு, என்னோடு புன்னைக்காயலுக்கு வாருங்கள்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் உள்ள மீனவர் ஊர் அது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பேச்சு வழக்கில் புன்னக்காயல் என்பார்கள். புன்னை நெய்தல் நிலத்து மரம். காயல் என்பது கடலை அடுத்து நிற்கும் உவர்நீர்ப் பரப்பு. ஆற்றங்கரையோடு ஏரல், ஆத்தூர், முக்காணி எனக் கிழக்கே செல்லச் செல்ல, வாழையும் வெற்றிலையும் நெல்லும் குறைந்து, உப்பளமும் அலையாத்திப் புதரும் தோன்றும். பிறகு மணல், அதற்கப்பால் கடல். நிலம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுவது அங்கே எளிதன்று.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வூரில் போர்த்துகீசியரின் கோட்டையொன்று இருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கிறித்தவ சமயத்தைத் தழுவியிருந்தனர். அவர்களிடையே சமயப் பணி செய்ய 1546இல் இந்தியாவுக்கு வந்தார் என்றிக்கே என்றிக்கசு என்னும் இயேசு சபைத் துறவி. 1520இல் போர்த்துகல் நாட்டு வில விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். தமிழ் மக்கள் நாவில் அவர் பெயர் ‘அண்டிரிக் அடிகளார்’ ஆயிற்று. தம் வாழ்நாளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டை இக்கரையிலேயே கழித்து, 1600ஆம் ஆண்டில் புன்னைக்காயலிலேயே உயிர்நீத்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இங்கு வந்து முதலில் செய்த காரியம் மாணவனானது. மொழிபெயர்ப்பாளரை நம்பிப் பேசுவது தமக்கு ஒவ்வாது என்று கண்டு, தமிழைப் பேசவும் எழுதவும் கற்றார். கற்றதோடு அமையாமல், வந்த மூன்று ஆண்டுகளுக்குள், 1549இல், தம் நாட்டவர் தமிழ் கற்பதற்கு ஓர் இலக்கணம் எழுதினார். அதன் கையெழுத்துப் படி இன்றும் லிசுபன் நகரத்து நூலகத்தில் உள்ளது. பிறமொழி ஒன்றை மூன்று ஆண்டுகளில் கற்று அதற்கு இலக்கணமும் எழுதிய ஒருவரை, மொழிப்பாடம் கடினம் என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் பலமுறை எடுத்துக்காட்டியதுண்டு.

அடிகளாருக்கு ஒரு தொல்லை இருந்தது. கரையோரத்து ஊர்கள் பல; கற்பிப்பவர் சிலர். ஒரே பாடத்தை எல்லா ஊருக்கும் அனுப்ப வேண்டுமானால், ஓலையில் ஒருவர் எழுத, அதைப் பார்த்து மற்றொருவர் எழுத வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு பிழை புகும். அடுத்த படியில் அப்பிழைக்கு ஒரு தம்பி பிறப்பான். இதற்கு அக்காலத்து ஐரோப்பா கண்டிருந்த மருந்து அச்சு. 1554இல் லிசுபன் நகரில் தமிழ் மொழியிலான சிறு சமய நூல் ஒன்று அச்சேறியது. ஆனால் எழுத்து உரோமன் எழுத்து. 1556இல் கோவாவுக்கு அச்சுப்பொறி வந்து சேர்ந்தது; அதனிடத்தும் தமிழ் எழுத்து இல்லை. முத்துக்குளிக்கும் ஊர்ப் பிள்ளை தன் கண்ணால் படிக்க வேண்டுமானால், தமிழ் எழுத்தையே உலோகத்தில் வெட்டி எடுத்தாக வேண்டும்.

வெட்டி எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சற்றே நின்று பார்ப்போம். கணிப்பொறியில் விரலால் தட்டினால் எழுத்து வந்துவிடும் காலத்தில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டுவது நல்லது. எழுத்து வார்ப்பதற்கு அக்காலத்தில் இருந்த முறை இது: உறுதியான எஃகுக் கோலின் முனையில் ஓர் எழுத்தை இடவல மாற்றமாக, கண்ணாடியில் தெரிவதுபோல, புடைப்பாகச் செதுக்குவர். அக்கோலைச் செப்புத் துண்டின்மேல் வைத்து ஓங்கி அடித்தால், செம்பில் எழுத்துக் குழியாகும். அந்தக் குழியை ஒரு சட்டத்தின் அடியில் பொருத்தி, உருக்கிய ஈயக் கலவையை வார்த்தால், மீண்டும் புடைப்பாக ஓர் எழுத்துக் கிடைக்கும். ஒரு குழியிலிருந்து எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வார்க்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, தாளை வைத்து அழுத்த வேண்டும். ஒரு பக்கம் முடிந்தபின், கோத்ததைப் பிரித்து அடுத்த பக்கத்திற்குக் கோக்க வேண்டும். உரோமன் எழுத்துக்கு இருபத்துச் சொச்சம் வடிவங்கள் போதும். நம் எழுத்திலோ கி, கீ, கு, கூ என ஒவ்வொன்றும் தனி வடிவம். செதுக்குவோனுக்கு மொழி தெரியாது. மொழி தெரிந்தவருக்குச் செதுக்கத் தெரியாது.

இவ்வேலையை முதலில் கோவாவில் ஜோவா கொன்சால்வசு என்பவர் 1577இல் செய்தார். அடுத்து, 1578இல் கொல்லத்தில் ஜோவா தெ பரியா என்பவர் வேறொரு வரிசை எழுத்துகளை வார்த்தார். இருவரும் இயேசு சபையினர். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளியாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டு நவம்பரில் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் 669 பக்கங்களில் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் வந்தது. இவற்றிற்குப் பரதவ மக்கள் பொருளுதவி செய்தனர். மூச்சடக்கி முத்தெடுத்த மக்களின் பணம், ஈய எழுத்தாக உருமாறியது.

அந்த எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாயிருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு இல்லை, ஒகரமும் அப்படியே. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். ஆகவே ஏட்டில் எழுதுவோர் புள்ளி இடுவதில்லை. அந்த ஏட்டு வழக்கையே செதுக்கியவர்கள் உலோகத்தில் பின்பற்றினர். ஈயத்திற்குப் பொத்துக்கொள்ளும் அச்சம் இல்லை. ஆயினும் ஓலையின் அச்சம் ஈயத்தையும் பற்றிக்கொண்டது. எகர ஒகரங்களின் வேறுபாட்டைப் பிற்காலத்தில் வீரமாமுனிவர் வடிவத்தால் தெளிவாக்கினார்.

‘அடியார் வரலாறு’ அச்சான ஊர் எது? புன்னைக்காயல் என்பார் ஒரு சாரார். தூத்துக்குடி என்பார் மற்றொரு சாரார். கொல்லத்து நூலில் இடமும் நாளும் இருப்பதால் அதுபற்றி வழக்கில்லை. பெரிய நூலைப் பற்றித்தான் வழக்கு. அடிகளார் பெரிதும் வாழ்ந்த இடம் புன்னைக்காயல் என்பதால் என் மனம் அப்பக்கம் சாய்கிறது. சொந்தச் சீமைப் பற்றும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

இனி அப்புத்தகங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேளுங்கள். எழுத்துகள் மறைந்தன. அச்சுக்கூடம் மறைந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1679இல், கேரளத்து அம்பலக்காட்டில் புரோயென்சா அடிகளாரின் தமிழ் – போர்த்துகீசிய அகராதியை அச்சிட வேண்டியபோது, பழைய ஈய எழுத்து உதவிக்கு இல்லை. இக்நாசி ஆச்சாமணி என்பவர் மரத்தில் எழுத்துகளைச் செதுக்கிக் கொடுத்தார். தரங்கம்பாடியில் தமிழ் அச்சு மீண்டும் தலையெடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இதற்கிடையே முதல் நூல்களின் பெயர்களைக்கூடத் தமிழகம் மறந்தது. யாருக்காக அச்சிட்டார்களோ அவர்கள் ஊர்களில் ஒரு படியும் தங்கவில்லை. உப்புக்காற்றும் கரையானும் மழையும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. கடல் கடந்து போன படிகளே தப்பின. ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ‘அடியார் வரலாறு’ உரோமையில் வத்திக்கான் நூலகத்தில் இருப்பதை 1950களில் தனிநாயகம் அடிகளார் உலகுக்கு எடுத்துரைத்தார். அதனை இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, 1967இல் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகம் வெளியிட்டது. முந்நூற்றெண்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், புத்தகம் தன் கரைக்குத் திரும்பி வந்தது.

எத்தனை படிகள் அடித்தார்களோ, அவற்றுள் கைவிரலால் எண்ணத்தக்க சிலவே எஞ்சின. ஓலைச்சுவடியாக ஒரே படி இருந்திருந்தால் அதுவும் இராது. பல படிகளாக்கிப் பல திசைக்கு அனுப்பியதனால்தான் ஏதோ ஒரு திசையில் ஒன்று பிழைத்தது. இதை அச்சின் வலிமை என்று நான் கருதுகிறேன். காகிதம் கல்லைவிட வலியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கல் ஓரிடத்தில் நிற்கும், காகிதம் சிதறும்.

புத்தகத்தை விட்டு, அது பிறந்த நிலத்துக்கு வருவோம். நிலமும் இங்கே நிலையாக நின்றதில்லை.

பாண்டியரின் பழந்துறைமுகம் கொற்கை என்பது நீங்கள் பள்ளியில் படித்தது. கிரேக்கர் அதனைக் கொல்கை என்று எழுதி வைத்தனர். 1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம், கிறித்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கணிக்கப்பட்டது. அந்தக் கொற்கைக்கு இன்று நீங்கள் போனால் கடலைக் காணமாட்டீர்கள். வயலையும் வாழையையும் காண்பீர்கள். கடல் ஐந்தாறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் வணிகம் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்து எழுதிய துறைமுகம் அதுவே. இன்று பழையகாயல் என வழங்கும் சிற்றூர். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி. 1870களில் கால்டுவெல் கொற்கையிலும் பழையகாயலிலும் மண்ணைத் தோண்டி, சீனத்துப் பீங்கான் சில்லுகளையும் அரபு நாட்டு மட்பாண்டச் சில்லுகளையும் கண்டெடுத்தார். ஆறு கொண்டுவரும் வண்டலே ஒவ்வொரு துறைமுகமாக மூடிக்கொண்டு வந்தது என்று விளக்கினார்.

ஆறு ஓடும்போது மண்ணைச் சுமந்து வருகிறது. கடலை அடையும் இடத்தில் ஓட்டம் தளர்கிறது. தளர்ந்ததும் சுமை இறங்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளும். வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளும். ஆற்றின் கொடையும் அலையின் இழுப்பும் சேர்ந்து கரையை ஆண்டுதோறும் திருத்தி எழுதுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், கொடையே மிகுந்தது. நிலம் வளர்ந்தது, கடல் விலகியது. துறைமுகம் போயிற்றே என்று வணிகன் வருந்தியிருப்பான். உழவனுக்குப் புதிய வயல் கிடைத்தது. நகர்வதற்கும் பல தலைமுறை அவகாசம் இருந்தது.

இன்று அந்தக் கணக்கில் வரவும் செலவும் மாறிவிட்டன. இதனை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மலையடியில் 1942இல் எழுந்த பாபநாசம் அணை, 1958இல் எழுந்த மணிமுத்தாறு அணை போன்றவை உள்ளன. இவை இல்லாவிடில் நம் சோற்றுக்கு வழியில்லை. இவற்றைக் குறை கூற நான் வரவில்லை. ஆயினும் அணையில் நீர் தேங்கும்போது மண்ணும் அங்கேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு மணலை வண்டி வண்டியாக அள்ளியும் தீர்த்தோம். கடலுக்குச் சேரும் கொடை குறைந்தது. மறுபுறம், கடல் உயர்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் காற்றில் கரியமில வாயு பெருகி, பூமி வெப்பமடைகிறது. வெப்பத்தால் கடல்நீர் விரிகிறது; மலைப்பனியும் துருவப்பனியும் உருகிக் கடலில் சேர்கின்றன. 1901ஆம் ஆண்டிலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்றும், 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என விரைவு கூடியது என்றும் பன்னாட்டு அறிவியலார் குழு கணக்கிட்டுள்ளது. 20 சென்டிமீட்டர் என்றால் ஒரு சாண் அளவு. மலைக்கோட்டையில் இருப்பவனுக்கு ஒரு சாண் ஒரு பொருட்டன்று. தட்டையான முகத்துவாரத்தில், செங்குத்தாக ஒரு சாண் ஏறும் நீர், படுகிடையாக எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதை உங்கள் கணித ஆசிரியரிடம் கேளுங்கள். சரிவின் அளவைச் சொன்னால் அவர் போட்டுக் காட்டுவார்.

கொற்கையைக் கடல் விட்டுச் சென்றது. இனி வரும் ஊர்களைக் கடல் தேடி வரக்கூடும். இரண்டும் மாற்றம்தான், திசை வேறு, விரைவு வேறு. ‘காலந்தோறும் கரை மாறிக்கொண்டுதானே இருந்தது’ என்று சிலர் அமைதி சொல்வதுண்டு. கரை மாறியது உண்மை. அந்த உண்மையைக் கொண்டு இந்த உண்மையை மூடுவது தருக்கமாகாது.

மழையும் தன் அளவை மறந்தது போல் ஒருநாள் பெய்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில், புன்னைக்காயலுக்கு அருகேயுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை அது விஞ்சியது. குளங்கள் உடைந்தன, ஆறு கரை மீறியது. செந்தூர் விரைவு வண்டி திருவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. ஆற்றின் கடைக்கோடியில் இருக்கும் புன்னைக்காயலுக்கு மேல்நாட்டு நீரெல்லாம் வந்து சேர்ந்தது, ஊர் துண்டிக்கப்பட்டது. ஒரு மழையைச் சுட்டி, ‘இது புவி வெப்பத்தின் வேலை’ என்று தீர்ப்பு எழுதுவது அறிவியல் முறையாகாது. ஆனால் காற்று ஒரு பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். அதனால் பெருமழைகள் இன்னும் பெரியனவாகும் வாய்ப்பு வளர்கிறது என்று சொல்வதில் பிழையில்லை.

அந்த வெள்ளத்தில் வீடுகளில் நனைந்து கூழானவற்றுள் பாடப்புத்தகங்களும் சான்றிதழ்களும் இருந்தன. மாணவர்களுக்கு அரசு மீண்டும் புத்தகம் வழங்க முடிந்தது. எப்படி முடிந்தது? அவை அச்சுப் படிகள். வேறிடத்தில் இருப்பு இருந்தது. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பாட்டனாரின் ஒரே நிழற்படம் போனால் போனதுதான்.

கடலுக்குள்ளும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் அமிழ்ந்துவிட்டன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முதன்மையான காரணம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு அரிப்பால் மிகவும் சுருங்கியதைக் கண்டு, 2015க்குப் பின் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்க முயன்றனர். நீர் சூடேறிய 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. முத்தோ என்றால், தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். முதல் தமிழ் எழுத்தை வார்க்கப் பணம் தந்த தொழிலே இன்று இல்லை.

இவ்வளவு மறைவதை எழுத்தால் மட்டுமா பதிய முடியும்? அச்சுக்கு ஓவியம் என்றொரு கிளை உண்டு. மரத்திலோ உலோகத் தகட்டிலோ படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது அச்சோவியம். இக்கலையில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம் பக்கத்து மண்ணில் பிறந்தவர். பெயர் கிருஷ்ண ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் 1925இல் பிறந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் பயின்றார். 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாட்சேத்திரத்தில் ஓவியப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். மாண்டிசோரி ஆசிரியப் பயிற்சியிலும் கலை கற்பித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இந்தச் செய்தியில் தனி மகிழ்ச்சி. பிறகு இலண்டன், பாரிசு, நிறைவாக நியூயார்க்கு. அங்கே 2018இல் மறைந்தார்.

அவர் அச்சோவியத்தில் செய்த புதுமையை எளிமையாகச் சொல்கிறேன். வழக்கமாக ஒரு நிறத்துக்கு ஒரு தகடு வேண்டும். நான்கு நிறமென்றால் நான்கு தகடு. நான்கு முறை ஒற்ற வேண்டும். கிருஷ்ண ரெட்டியும் அவரோடு பாரிசுப் பட்டறையில் இருந்தவர்களும், ஒரே தகட்டில் வெவ்வேறு ஆழமாகச் செதுக்கினார்கள். மைகளில் எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும், ஒன்றை நீர்த்ததாகவும் ஒன்றைக் கெட்டியாகவும் ஆக்கினார்கள். கெட்டியான உருளை மேட்டை மட்டும் தொடும். மெத்தென்ற உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும். நீர்த்த மையும் கெட்டி மையும் ஒன்றோடொன்று கலவாமல் விலகி நிற்கும். ஒரே அழுத்தத்தில் பல நிறம் தாளில் இறங்கும். இம்முறையில் அவர் மீனையும் அலையையும் செய்தார். 1963இல் ‘நீர்ச்சுழல்’ என்னும் படத்தைச் செய்தார். ஓடும் நீரை உலோகத்தில் நிறுத்திக் காட்டுவது முரண்பாடு போலத் தோன்றும். நீர் எப்படி மண்ணை அரித்து மேடுபள்ளம் செய்கிறதோ, அப்படியே அவர் கை தகட்டில் மேடுபள்ளம் செய்தது. ஆகவே நீரின் நடையே படத்தின் நடையாயிற்று. புவி வெப்பம் என்னும் பேச்சு மக்களிடையே எழுவதற்கு முன் செய்த படங்கள் அவை. ஆயினும் புன்னைக்காயல் கழிமுகத்தில் ஏற்றமும் வற்றமும் மாறும் நேரத்தில், இரு நீர்கள் சந்தித்துச் சுழலும் இடத்தைப் பார்த்தவனுக்கு, அச்சுழல் படத்தைப் பார்த்தால் அந்த இடம் நினைவுக்கு வரும்.

நமக்குக் கிருஷ்ண ரெட்டியின் பட்டறை வேண்டியதில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு ஒற்றினால் ஐம்முனைப் பூ விழும் என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மேல்வகுப்பு மாணவர்களுக்கு லினோலியத் துண்டும் சிறு உளியும் போதும். மை தடவ ஓர் உருளை. ஒற்றுவதற்குக் கரண்டியின் முதுகு. கடலோரத்துப் பள்ளி மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். படகு இழுத்துவைக்கும் கரையாகலாம், குருசடியாகலாம், கடைசித் தென்னையாகலாம். ஆண்டுதோறும் பொங்கல் கழிந்த வாரத்தில், அதே இடத்தில் நின்று, அதே அளவுத் துண்டில் அதே காட்சியைச் செதுக்குங்கள். கடலுக்கும் அந்த அடையாளத்துக்கும் இடையே எத்தனை அடி என்று கயிறு பிடித்து அளந்து, அந்த எண்ணையும் செதுக்குங்கள். இடவல மாற்றமாகச் செதுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். மறந்தால் உங்கள் ஊரில் கடல் மேற்கே வந்துவிடும்.

இருபது படி ஒற்றுங்கள். ஒன்று பள்ளியில் இருக்கட்டும். ஒன்றை மாவட்ட நூலகத்திற்குக் கொடுங்கள். மற்றவற்றை மேட்டுநிலத்து ஊர்களில் இருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் அஞ்சலில் அனுப்புங்கள். தென்காசியில் ஒன்று, கோயமுத்தூரில் ஒன்று, கொழும்பில் சித்தப்பா இருந்தால் அங்கே ஒன்று. அனுப்புமுன் ஒவ்வொரு படியின் அடியிலும் ஊர்ப்பெயர், நாள், ஆண்டு, செதுக்கியவர் பெயர், எத்தனையாவது படி என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் பரவும், பென்சில் பரவாது.